ஓட்டு ராணி ஓட்டுப் போடாத வாரம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கடை ஊழியர்கள் வைத்த பெயர் ஓட்டு ராணி. இளவட்டங்களை ஒரே வீட்டில் நூறு நாள் அடைத்துவைத்து, வாரம் ஒருவரை வெளியேற்றும் அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கிவிட்டால், வெள்ளிக்கிழமை மதியம் எல்லாருடைய போனையும் வாங்கித் தன் ஆளுக்கு ஓட்டுப் போட்டுவிடுவாள். கணக்கரின் போனைக்கூட விட்டதில்லை. இருபத்தெட்டு வயதில் பிடித்த பைத்தியம். இப்போது முப்பத்தொன்பது.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் தங்கை தினமும் மாலை ஏழு மணிக்கு வந்துவிடுவாள். யார் யாரைக் கவிழ்க்கப்போகிறார்கள் என்று இருவரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். அக்காவின் கணவர் சமையலறைப் பக்கம் ஒதுங்கிவிடுவார்.

இந்த வருடம் அவளால் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தாள். துணி மடித்தாள், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

"எங்கதான் போற? உக்காரேன்க்கா" என்பாள் தங்கை.

உட்கார்வாள். கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

போட்டியாளர்களைப் பார்க்கக் குடும்பத்தார் அந்த வீட்டுக்குள் வந்த அன்று, இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "என் வாழ்க்கையே போச்சும்மா" என்று தேம்பினான். தங்கைக்கும் கண் கலங்கியது. அக்கா பார்த்ததோ அந்த அம்மாவை. தன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருந்தால் அதிகம். மகனைத் தட்டிக்கொடுக்கும்போதெல்லாம் அவளுடைய மூக்குக்கண்ணாடி நழுவியது.

"காதுப் பக்கம் லூசா இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. எவன் போட்டுக் குடுத்தானோ."

"அவன் அப்படி அழறான், உனக்குக் கண்ணாடியா தெரியுது?"

"இருபத்திரண்டு வயசுல என்னடி வாழ்க்கை போகும்?" சொன்னதோடு நிற்காமல் சிரித்தும்விட்டாள்.

தங்கை விருட்டென்று எழுந்தாள். "பிடிக்கலைன்னா சொல்லிடு, கேலி பண்ணாத. நாள் பூரா மருந்துக்கடைல நின்னுட்டு, இதுக்குத்தான் ஓடி வர்றேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை கணக்கர் தாமாகவே போனை நீட்டினார். "இந்த வாரம் யாரைக் காப்பாத்தணும்?"

"வேணாம் சார். அதுங்களே பொழச்சுக்கும்."

சொன்ன பிறகு வேலையில் கை ஓடவில்லை. ஒரு லென்ஸின் ஓரம் பிசிறடித்து, வேறொன்று எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனாள். "எனக்கு அது தீந்துபோச்சுடி. உன்மேல ஒண்ணுமில்ல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல."

தங்கை கேட்டாள்: "அப்போ நான் யார்கூட பாக்கறது?"



பிறகு தங்கைக்கு அவள் மாடிவீட்டுக் கல்லூரிப் பெண் துணைக்குக் கிடைத்தாள். ஞாயிறு மதியம் அக்கா போனால், தங்கை வாரக் கதை முழுவதையும் ஒப்பிப்பாள். அக்கா பெயர்களை மாற்றிச் சொல்லித் திட்டு வாங்குவாள்.

மற்ற நாட்களில் ஏழு மணியானால் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. கடைவீதி முனைவரை நடப்பாள், திரும்புவாள். ஒருநாள், எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல், நின்றிருந்த பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய் வந்தாள்.

"எங்க போயிருந்த?" என்றார் கணவர்.

"சும்மாதான்." செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். "நாளைக்கு நீங்களும் வர்றீங்களா?"