மச்சானின் இடது கண்

மூன்று வருடங்களுக்கு முந்திய நோன்பு மாதம். கல்முனை பசாரில் என் மனைவியின் மூத்த சகோதரர் வைத்திருக்கும் புடவைக் கடையில்தான் எனக்கு வேலை. துணி மடிப்பதைவிட வாயடிப்பதில் நான் கெட்டிக்காரன். எங்கள் பக்கம் மச்சான்மார் ஒருவரையொருவர் கேலி பேசிப் பகிடி பண்ணாவிட்டால், வீட்டில் ஏதோ சண்டை என்று ஊர் முடிவு கட்டிவிடும். அந்தச் சந்தேகத்துக்கு நான் ஒருநாளும் இடம் வைத்ததில்லை.

அந்த நாட்களில் மச்சானின் இடது கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரியத் தொடங்கியது. எனக்குப் போதாதா?

"என்ன மச்சான், விலையக் குறைக்கச் சொன்னா வலது கண்ணால சிரிக்கிங்க, இடது கண்ணால முறைக்கிங்க!"

கடைக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு பின்நேரம், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "டொக்டரிட்டக் காட்டுவமா மச்சான்? சிவப்புச் சீலையெல்லாம் இந்தக் கண்ணுக்கு வெளிறித் தெரியிது."

எனக்குப் பிறவியிலேயே ஒரு கண் சின்னது. கலியாணப் படத்தில் பொண்ணுக்குக் கண்ணடிப்பவன் போல நிற்பேன்.

"என்ட கண்ணப் பாருங்க. நாப்பது வருஷமா இப்பிடித்தான் இரிக்கி. நான் என்ன உயிர் போய் மௌத்தாகிட்டனா? சிவப்பு வெளிறினா சாயம் போட்டவனப் பிடிங்க!"

வயிறு குலுங்கச் சிரித்தார். பெருநாள் வியாபாரம் முடியட்டும் என்று விட்டுவிட்டார்.

பெருநாள் கழிந்தபோது அந்தக் கண்ணால் எழுத்தே வாசிக்க முடியவில்லை. கண் டொக்டர் அவருடைய அடையாள அட்டைப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு. "எனக்கும் இப்பிடித்தான் டொக்டர்" என்று நான் வேறு நடுவில் புகுந்தேன்.

"உங்களுக்குப் பிறவியில உள்ளது, அதுல பயமில்ல. இவருக்குப் புதுசா வந்திரிக்கி. தைரொயிட் வருத்தம். கண்ணுக்குப் பின்னால வீங்கி நரம்ப நெரிக்கிது. நிறம் வெளிறின உடனே வந்திருக்கோணும்."

கொழும்பில் ஒப்பரேஷன் நடந்தது. கண் பழைய இடத்துக்குப் போனது. பார்வை பாதிதான் திரும்பியது.

சுகம் விசாரிக்க வந்த ஒருவர், மச்சானை அண்ணன் முறை வைத்து, "ஏன் காக்கா இவ்வளவு பிந்தினீங்க?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மச்சான் ஒண்டுமில்லெண்டு சொன்னாரு. அந்த நோன்பு முழுக்க நிம்மதியா இரிந்தன்" என்றார் மச்சான், என்னைக் காட்டி.

குத்திக்காட்டவில்லை, நன்றியாகத்தான் சொன்னார். பயந்துபோய் என்னிடம் கேட்ட மனிதரைச் சிரிக்கவைத்து அனுப்பியதை ஒரு நல்ல காரியம் என்று நான் அன்று நினைத்தேனே, அதுதான் இன்றைக்கும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.