வடக்கு ஏரியா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதனால்தானோ என்னவோ, குழுவுக்கு ஒரு பெண் உறுப்பினர் வேண்டும் என்று வந்தவர்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த அத்தனை பெண்களையும் விட்டுவிட்டு என்னைப் பிடித்தார்கள். "நல்லா பேசுற ஆளா வேணும் டீச்சர்" என்றார்கள். சண்டை போட ஆள் வேண்டும் என்று அர்த்தம். அப்போது நான் அங்கே பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசி.

என்ன குழு என்றால், நம் பக்கத்து ஏரிகளை ஆராய்ச்சி செய்ய ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்துவந்தது. அதை யாருக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது, கொடுத்த பிறகு வேலை நடக்கிறதா என்று பார்க்க உள்ளூர் ஆட்கள் நாலு பேர். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குத் தெற்கே ஒரு குழு, வடக்கே நாங்கள். நாலு பேரில் ஒருத்தர் வேண்டாம் என்றாலும் பணம் கிடையாது. இந்த ஒரு விதியை மட்டும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தோம், அவரவர் மறுப்பதற்கு வசதியாக.

தலைவர் ஆவடி பாக்டரியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் இலக்கணத்தில் பித்து. பேராசிரியர் அம்பத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், வாயைத் திறக்க மாட்டார். நாலாவது ஆள் பாய். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு சைக்கிள் சாமான் கடை. கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் அவர் வீடு, வீட்டை ஒட்டி ஹேண்டில்பாருக்கும் மட்கார்டுக்கும் பளபளவென்று முலாம் பூசும் பட்டறை. கடை மாடியை எங்களுக்கு வாடகை இல்லாமல் விட்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் கூட்டம். நான் ஆவடியிலிருந்து பஸ் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து மாடி ஏறும்போதே ஏலக்காய் வாசனை வரும். பாய் வீட்டு டீ. அந்த டீயைப் பற்றி என்ன சொல்ல, அதற்காகவே கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். நான் யாரையாவது பிடித்துக் காய்ச்ச ஆரம்பித்தால் பாய் டம்ளரை நகர்த்தி வைப்பார். "தங்கச்சி, ஒரு முழுங்கு குடி. அப்பால சண்ட போடு." குடித்தால் கோபம் பாதி போய்விடும். பேசவே பேசாத பேராசிரியர்கூட ஒருநாள், இந்தத் தேயிலை எங்கே கிடைக்கிறது என்று கேட்டுவிட்டார். பாய்க்கு முகமெல்லாம் பல். "தூளெல்லாம் ஊரு வாங்குற தூளுதான் சார். தண்ணி. எங்க சந்து கெணத்துத் தண்ணி. இந்த ருசி மெட்ராஸ் பூரா தேடினாலும் கெடைக்காது."

பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்த ஒரு பெண்ணுக்குத்தான் எங்கள் பணம் முதலில் போனது. பருத்திப்பட்டு ஏரியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடிப்பாள். மேற்பார்வை என்று நாங்கள் நாலு பேரும் கரையில் நிற்போம். பாய் எங்களுக்கு சமோசா கட்டிக்கொண்டு வருவார். ஏரியில் நாரைகள் நிற்கும், வெள்ளானூர்ப் பக்கத்திலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஆராய்ச்சியைவிட சமோசாதான் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

பிறகுதான் பலகை வந்தது. மாடிப்படிக்கு மேலே குழுவின் பெயர் மாட்ட வேண்டும் என்று தலைவருக்கு ஆசை. ஏரி, ஆராய்ச்சி இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ந்தது. இவர் இலக்கணப்படி சேர்த்து 'வடக்கு ஏரியாராய்ச்சிக் குழு' என்று எழுதிக் கொடுத்தார். வேண்டாம் சார், பிரித்து எழுதுங்கள் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. பெயிண்டர் அதைப் படித்துப் பார்த்து, பெரியவர் அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்று நினைத்து, தானே சரிசெய்து எழுதிவிட்டுப் போனார்: 'வடக்கு ஏரியா ஆராய்ச்சிக் குழு'.

தலைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நானும் பாயும் சிரித்த சிரிப்பில் படியில் உட்கார்ந்துவிட்டோம். மாற்றலாம், மாற்றலாம் என்று மாதங்கள் ஓடின. அதற்குள் ஏரியா முழுக்கப் பரவிவிட்டது. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை நிற்கிறது, கொசு என்று ஆள் மேல் ஆளாக மாடி ஏறினார்கள். "எங்க ஏரியாவ எப்ப சார் ஆராய்ச்சி பண்ணுவீங்க?" தலைவர் ஒவ்வொருவருக்கும் புணர்ச்சி விதி சொல்லித் திருப்பி அனுப்புவார். அவர்கள் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து இறங்கிப் போவார்கள்.

ஒரு சனிக்கிழமை, டீ வந்து நாங்கள் டம்ளரைக் கையில் எடுத்த நேரம், ஒரு பெண் இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு வந்து நின்றாள். குடத்தைத் தரையில் வைத்து, "எங்க கெணத்துத் தண்ணி இன்னா ஆச்சுன்னு கொஞ்சம் பாருங்க" என்றாள். எட்டிப் பார்த்தேன். வெளிர் மஞ்சள். "கொழந்தைங்களுக்கு ஒடம்பெல்லாம் சொறிம்மா. வேற கெணறு எங்களுக்குக் கெடையாது."

"எந்த சந்தும்மா?" என்றேன்.

"இதோ, பின்னாடி சந்து."

பேராசிரியர் டம்ளரை மெல்ல மேஜையில் வைத்தார். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். "டீ போட்டா தெரியாது சார். அந்தக் கலர்ல மறைஞ்சிடும். சோறு வடிச்சாத்தான் மஞ்சளா கீது" என்றாள்.

அவள் பாய் பக்கம் திரும்பவே இல்லை. பாயும் அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சந்தில் பட்டறை என்று இருந்தது பாயுடையது ஒன்றுதான், அதன் கழிவுநீர் கிணற்றை ஒட்டிய சாக்கடையில் போகிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் பணம் ஏரிக்கு மட்டும்தான், கிணற்றுக்கு இல்லை என்று ஆரம்பித்தார். "பலகையில ஏரியான்னுதானே போட்டுகீது?" என்று கேட்டாள் அவள். அவள் போனதும் தலைவர் பாயைப் பார்த்து, "முதல்ல அந்த 'யா'வை அழிக்கச் சொல்லுங்க. அடுத்த கூட்டத்துக்குள்ள அழிச்சிருக்கணும்" என்றார். பாய் தலையாட்டினார். குடம் மட்டும் அங்கேயே இருந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றை ஆராய்ச்சி செய்யலாம் என்று நான் சொல்வேன், பேராசிரியரும் சொல்வார், தலைவரைக்கூட மிரட்டிச் சம்மதிக்க வைத்துவிடலாம். பாய் ஒருத்தர் மறுத்தால் போதும், அந்தப் பெண் திரும்பவும் அதே கிணற்றுக்குத்தான் போக வேண்டும். பாய் சம்மதித்தால் பட்டறை போகும். அதை நம்பிப் பத்துப் பதினைந்து குடும்பங்கள். ஆனால் 'யா'வை அழிக்கத் தலையாட்டினார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்களோடு சிரித்த மனுஷன். அடுத்த கூட்டத்துக்கு பஸ்ஸில் போகும்போது, அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பதற்கு வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்துகொண்டு போனேன்.

படி ஏறி நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. 'வடக்கு ஏரி மற்றும் ஏரியா ஆராய்ச்சிக் குழு'.

உள்ளே பாய் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தலைவர், யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று குதித்துக்கொண்டிருந்தார். "எழுதியாச்சு சார்" என்றார் பாய். "கெணத்துத் தண்ணிய எடுத்துப் பாக்கட்டும். எனக்கு சம்மதம்." நான் கொண்டுபோன அத்தனை வசவும் வீணாய்ப் போனது. அழுகை வந்தது. வெயில் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சிப் பெண் கிணற்றில் தண்ணீர் எடுத்தாள், பட்டறைச் சாக்கடையிலும் எடுத்தாள். நானும் கூடப் போயிருந்தேன்; சுற்றி நின்று வேடிக்கை பார்த்த குழந்தைகள் சொறிந்துகொண்டே இருந்தார்கள். சில வாரம் கழித்து மாடியில் வைத்து முடிவைச் சொன்னாள். முலாம் தொட்டியில் ஊற்றுகிற அதே சரக்கு கிணற்றில் இருக்கிறது, ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் மட்டும் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "ஊட்ல ரொம்ப நாளா சொல்லிகினு இருந்தாங்க தங்கச்சி, சோறு மஞ்சளா வருதுன்னு. நான்தான் அரிசி பழசு, அரிசி பழசுன்னு சொல்லிகினு இருந்தேன்."

எழுந்து கீழே போனார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்ட் கடையிலிருந்து நாலு கிளாஸ் டீயைக் கம்பித் தாங்கியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொருத்தர் முன்னாலும் வைத்தார். "இனிமே கடை டீதான்" என்றார்.

பட்டறையை அந்த மாதமே மூடினார். கிணற்றுக்கு மேல் பலகைக்கல் போட்டார்கள், சந்துக்கு லாரியில் தண்ணீர் வந்தது. குழு இன்னும் சில வருஷம் ஓடி, அறக்கட்டளையே நின்றபோது நின்றது. பலகையை யார் கழற்றினார்கள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் டீ குடித்துவிட்டேன். ஏலக்காயை நசுக்கிப் போட்டு நானே வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டேன். வரவில்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று நான் காதால் கேட்டவள். குழந்தைகள் சொறிந்துகொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்தவள். இருந்தும் சனிக்கிழமை மதியம் ஆனால் என் நாக்கு அந்த டீயைத்தான் கேட்கிறது.