மார்பில் கட்டிய மல்லிகை

ஆத்தூர்ப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் யாரைக் கேட்டாலும் பானுப்ரியாவின் கைவேகத்தைத்தான் சொல்வார்கள். வெயில் ஏறுமுன்னே மடி நிறைய மொட்டு பறித்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போகும் முதல் வண்டியில் ஏற்றிவிடுவாள். அந்தக் கைகள் இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளைக்காகக் காத்திருந்தன.

ஏங்கி ஏங்கிப் பெற்ற பிள்ளை, குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். இன்றுதான் முதன்முதலாக அவனை மார்பில் போடப்போகிறார்கள். நர்ஸ் நர்கீஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது பானுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிள்ளை கவ்வினான், உறிஞ்சினான். ஒரு சொட்டு வரவில்லை. பூனைக்குட்டி போல அழுதான்.

"பால் கட்டி வலிக்குதுன்னியேம்மா, இப்ப ஏன் வத்திக் கெடக்கு?" என்று நர்கீஸ் சேலையை விலக்கினாள். ரவிக்கைக்குள் நசுங்கி வாடிய மல்லிகைச் சரம்.

கட்டிவிட்டவள் கட்டிலோரம் நின்றிருந்த நாத்தனார் பொன்னழகு. "வலி அடங்கட்டும்னுதான் சிஸ்டர். பிள்ளைதான் குழாய்ல குடிக்கிறானேன்னு."

பானு சரத்தைப் பிடுங்கி எறிந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்றட்டும் என்று ஊரில் கட்டுகிற பூ அல்லவா அது? வலியில் கண்ணை மூடிக்கொண்டு அதை நெஞ்சில் ஏற்றிக்கொண்டாளே. "மதினி, எம்பிள்ளை உசுரோட இருக்கான்" என்றாள். பொன்னழகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ரெண்டு பேரும் அழுதா பால் வந்துருமா?" என்றாள் நர்கீஸ். "பூவ எடுத்தாச்சுல்ல. பிள்ளைய நெஞ்சோட ஒட்டிப் போட்டுக்க. அவன் சப்பச் சப்ப ஊறும். வயித்துப்போக்கு, சளின்னு எது வந்தாலும் எதுத்து நிக்கிற தெம்பு இந்தப் பால்லதான் இருக்கு. குறைமாசப் பிள்ளைக்கு இதவிடப் பெரிய மருந்து இல்ல."

அன்று முழுவதும் பானு வேறெதையும் நினைக்கவில்லை. பிள்ளை தூங்கினால் கையால் பீய்ச்சிப் பார்த்தாள். விழித்தால் வாயில் கொடுத்தாள். பொன்னழகு கஞ்சியும் மீன்குழம்புமாக ஓடிவந்தாள். பொழுது சாயும் நேரம், பிள்ளை சப்பிக்கொண்டிருக்கையில் அடிவயிற்றைச் சுருக்கென்று ஏதோ இழுத்தது.

"சிஸ்டர், வயிறு இழுக்குதே."

"நல்லதுதான். அவன் சப்புறப்ப கருப்பை சுருங்குது. உதிரப்போக்கு குறையும். பால் குடுக்குற பொம்பளைக்கு மார்புல புத்துநோய் வர்ற வாய்ப்பும் குறைவு. உம்மவன் உனக்கும் சேத்துத்தான் வைத்தியம் பாக்குறான்."

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மடக், மடக். பிள்ளை விழுங்கினான். உதட்டோரம் வெள்ளையாக ஒரு துளி திரண்டு கன்னத்தில் வழிந்தது. பானுவின் கண்ணும் அதோடு சேர்ந்து வழிந்தது.

"மதினி, பாருங்க. குடிக்கிறான்."

பொன்னழகு எட்டிப் பார்த்தாள். "அவுக அப்பன் முகேஷும் இப்படித்தான். சோத்தப் பாத்தா தலை நிமிரமாட்டான்."

அழுகையும் சிரிப்புமாகக் கட்டிலே குலுங்கியது.

வீடு திரும்பும் காலையில் பொன்னழகு ஒரு முழம் மல்லிகையோடு வந்து, கொடுக்கத் தயங்கி வாசலிலேயே நின்றாள். பானு திரும்பித் தலையைக் காட்டினாள்.

"தலையில வச்சுவிடுங்க மதினி. அங்கதான் அதுக்கு இடம்."