கம்பளிக்குள் பம்ப்

கிருபா பாரி முனையில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட். வயது நாற்பத்தொன்று. மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு ஒரு போர்ஷன் கிடைப்பதற்குள் ஏழு வாசல்களில் நின்றுவிட்டாள். "தனியாவா? கிறிஸ்டியனா?" எட்டாவது வீட்டுக்காரர் ராஜாராமன், தபால் இலாகாவில் ரிடையர் ஆனவர், இரண்டையும் கேட்கவில்லை. அந்த நன்றியில் அவள் கிணற்று வாளியைக்கூடச் சத்தமில்லாமல் இறக்கினாள். ரேடியோவைக் காதருகே வைத்துக் கேட்டாள்.

ஒரே ஆடம்பரம் மீன் தொட்டி. மூர் மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு ஏஞ்சல் மீன்கள். தொட்டி ஒரு குட்டை அலமாரியின் மேல் இருந்தது. அலமாரிக்குள், தண்ணீரில் காற்றுக் குமிழி விடுகிற சிறிய மின்சார பம்ப்.

போன டிசம்பரில் ராஜாராமன் கேட்டார். "ஏம்மா, சுவத்துக்கு அந்தண்ட வண்டு மாதிரி ஒண்ணு கேக்கறதே?"

"மீனுக்குக் காத்து விடுற பம்ப் சார்."

"நாள் பூராவுமா?"

"ஆமா சார்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மாலையே அவள் பம்பைப் பழைய கம்பளியில் சுற்றி, அலமாரிக் கதவைச் சாத்தினாள். சுவரில் காது வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மே வந்தது. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு. தொட்டித் தண்ணீர் தொண்ணூற்று மூன்று டிகிரி ஃபாரன்ஹீட். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தொட்டி விளக்கை அணைத்தாள். ஐஸைப் பையில் கட்டி மிதக்கவிட்டாள். மறுநாள் மறுபடி ஏறியது. அலமாரிக்குள் கையை விட்டபோதுதான் புரிந்தது. கம்பளிக்குள் பம்ப் தகித்துக்கொண்டிருந்தது. தன் சூட்டையே இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் சூடு போகும். சத்தமும் போகும், சுவருக்கு அந்தப் பக்கம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மீன்கள் முட்டையிடட்டும் என்று தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த சிலேட்டில் முட்டைகள். தேன் நிறம். நான்கு வருஷத்தில் முதல் தடவை. அலமாரிக் கதவைத் திறந்தாள். நின்றாள். சாத்திவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

குரோம்பேட்டையில் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். பல்லாவரத்தில் மறுபடி எழுந்தாள், இடம் போய்விட்டது. மீனம்பாக்கத்தில் இறங்கி, ஏன் இறங்கினோம் என்று தெரியாதவள் போல எதிர் பிளாட்பாரத்துக்கு நடந்தாள்.

தண்ணீர் தொண்ணூற்று நான்கு. முட்டைகளில் பல வெளுத்துச் செத்திருந்தன. கம்பளியைப் பிய்த்து எறிந்தாள். ஜன்னலை விரியத் திறந்து, நீளமான ரப்பர் குழாயை மாட்டி, பம்பை ஜன்னல் கட்டையில் வைத்தாள். கட்டை அதிர்ந்து வீடே ரீங்கரித்தது.

ராஜாராமனின் மனைவி அபிதகுஜாம்பாள் வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏம்மா, ஆபீஸ் போகலையா? உடம்புக்கு என்ன?" பின்னாலேயே அவர், தோளில் துண்டோடு.

அவர் வாயைத் திறப்பதற்குள் கிருபா சொன்னாள்: "சத்தம் கேக்கும் சார். நிறுத்த மாட்டேன். வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் முட்டை பொரியிற வரைக்கும் நகர மாட்டேன்."

"யாரு காலி பண்ணச் சொன்னா?"

"வண்டு மாதிரி கேக்குதுன்னீங்களே. அன்னிக்கே பம்பைக் கம்பளியில சுத்திட்டேன்."

"கேக்கறதுன்னேன். நிறுத்துன்னா சொன்னேன்?"

"உங்க குரல் அப்படி," என்றாள் மாமி. "எங்கிட்டக் காப்பி கேக்கறதே மெமோ குடுக்கற மாதிரின்னா இருக்கு."

அவர் அதைக் காதில் வாங்காமல் தொட்டியை எட்டிப் பார்த்தார். "இதுக்காகவா அஞ்சு மாசம் அதுகளைப் புழுங்க விட்டே?"

கிருபா கீழே கிடந்த கம்பளியைக் காலால் ஒதுக்கினாள்.

நாலு மணிக்குக் கடல்காற்று வந்தது. தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. பெண் மீன் சிலேட்டருகே போய் ஒரு முட்டையைக் கொத்தியது. தின்கிறது என்று பதறிக் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினாள். அது வெளுத்ததை மட்டும் எடுத்தது. மற்றவற்றுக்குத் துடுப்பால் விசிறியது.

வியாழக்கிழமை காலை சிலேட்டில் வால்கள் நெளிந்தன. பதினேழு வரை எண்ணியபோது அவை அசைந்து எண்ணிக்கை தவறியது. வண்டிக்கு நேரமாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தபடியே விட்டாள். சாவியோடு மாமியின் வாசலில் போய் நின்றாள்.

"மத்தியானம் ஒரு தடவை போய் பம்ப் ஓடுதான்னு பாக்கறீங்களா மாமி?"

"மீனைத் தொடச் சொல்லாதே," என்று மாமி கையை நீட்டினாள். "பாக்கறேன்."