சாய்த்துப் போட்ட ஆம்னி

வெற்றிச்செல்விக்குக் கோபம் வந்தால் பேச்சு குறையும், கை வேலை செய்யும். குன்னம் பக்கம் அவள் ஓட்டும் பழைய ஆம்னியைக் கணவனின் அண்ணன் செந்தில்குமார் காயலான் கடைக்காரரிடம் விலை பேசி முடித்துவிட்டார் என்று தெரிந்த அன்றும் அப்படித்தான். கணவன் தமிழ்மாறன் சிங்கப்பூரில். களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போகும் பெண்களைக் காடு காடாக இறக்கிவிட்டு அவள் பிழைப்பது அந்த வண்டியில்தான்.

"அடியில பூரா துரு. நடுரோட்டுல ரெண்டா பொளந்துக்கும். பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றார் அவர். முதல் பாதியைக் கேட்டுப் பயந்தாள். கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் பயம் போய்விட்டது.

மெக்கானிக் சுலபமாக ஒரு வழி சொன்னார். துரு மேலேயே கழிவு ஆயிலைப் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாதாம். "மறைச்சு ஓட்ட இது என்ன திருட்டு வண்டியா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, வாசலில் மக்காச்சோளத் தட்டைக் கட்டுகளைப் பரப்பினாள். அவள் வண்டியில் தினமும் காட்டுக்குப் போகும் கொளஞ்சியம்மாளும் தெருப் பெண்களும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்க, ஆம்னி எருமை மாதிரி ஒருக்களித்துப் படுத்தது. போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். சிரித்தவன் எவனும் ஒரு கை பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே வந்தாள். முன்பக்கம் இரும்பு நன்றாகவே இருந்தது. பின்பக்கம் மட்டும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது, கூடவே வெள்ளைக் கட்டிகளும். கையில் எடுத்துப் பார்த்தாள். உரம்! அவசரம் என்று வண்டியை வாங்கிப்போய், போன மழைக்காலம் முழுக்க உர மூட்டை ஏற்றியவர் செந்தில்குமார்தான். அந்த உப்புதான் இரும்பைத் தின்றிருக்கிறது.

வெல்டர் நல்லுசாமியை வரவழைத்து, மெலிந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தாள். தின்னரால் துடைத்து, மறுபடி துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூசினாள். அது காயும்வரை கோழியைக்கூடக் கிட்டே விடவில்லை.

கறுப்பு பெயின்ட் டின்னைத் திறந்த நேரத்தில் செந்தில்குமார் கடைக்காரரோடு வந்து நின்றார். கடைக்காரர் சுத்தியலால் வண்டியின் அடிப்பக்கத்தை நெடுகத் தட்டிப் பார்த்தார். எங்கே தட்டினாலும் கணீரென்றது.

"இது ஒடைக்கிற வண்டி இல்லீங்க. வேற இருந்தா சொல்லுங்க" என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செந்தில்குமாருக்கு முகம் சுண்டிவிட்டது. "பொம்பளை பெயின்ட் அடிச்ச வண்டியில எவ ஏறுவா?"

"தள்ளி நில்லுங்க மாமா" என்றாள் வெற்றிச்செல்வி, பிரஷ்ஷை நிறுத்தாமல். "உங்க ஒரம் தின்ன எடத்துக்குத்தான் பூசுறேன். வேட்டியில பட்டா போவாது."

கறுப்பு இரண்டு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகு, அதே பெண்கள் வண்டியை நிமிர்த்தினார்கள். அவள் பேட்டரியை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருகினாள். ஏறச் சொல்லி யாரையும் கூப்பிடக்கூட இல்லை. கொளஞ்சியம்மாள் முதல் ஆளாக ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"செந்தில்குமாரு வூட்டு வழியாவே போடி" என்றாள்.