ஈரக் கோணி

எங்கள் வீட்டில் கோடைக்காலம் வந்தால் ராஜ மரியாதை பட்டு நூலுக்குத்தான். அனல் காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு காய்ந்து இழை அறுந்துபோகும் என்று, தறி இருந்த ஓட்டு அறையின் ஜன்னல்களில் அப்பா ஈரக் கோணியைத் தொங்கவிடுவார். அது காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது என் வேலை.

பிரசவத்துக்கு வந்திருந்த அத்தைக்குக் கிடைத்தது பின்கட்டு அறை. கூரையைப் பிரித்துவிட்டு சிமெண்ட் ஷீட் போடுவது அப்போது ஆரணியில் பெரிய கௌரவம், நாங்களும் போட்டிருந்தோம். அக்னி நட்சத்திர வெயிலில் அந்த ஷீட்டுக்குக் கீழே, கதவு ஜன்னல் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி சுற்றி, பிறந்த குழந்தையோடு அத்தை படுத்திருந்தாள். தண்ணீரும் அளவுதான். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பது அம்மாவின் சட்டம். அம்மா கெட்டவள் இல்லை. அவளையும் அப்படித்தான் வைத்திருந்தார்களாம்.

"கண்ணு, ஒரு வாய் தண்ணி குடு கண்ணு" என்று காலையெல்லாம் கெஞ்சிய அத்தை, மதியம் கேட்பதை நிறுத்திவிட்டாள். உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது, பொட்டு வியர்வை இல்லை. என்னவோ உளறினாள். பக்கத்தில் குழந்தை வீறிட்டது அவள் காதில் விழவே இல்லை. கத்தினேன்.

"ஐயோ, ஜன்னி கண்டுகிச்சே!" என்று ஓடிவந்த அம்மா, வீட்டிலிருந்த கம்பளியை எல்லாம் அவள் மேல் போட்டு அமுக்கினாள்.

நான் தறிக்கு ஓடினேன். அப்பா வந்து தங்கையின் நெற்றியில் கை வைத்தார். மறுகணம் கம்பளிகளை உதறி எறிந்து, அவளைத் தூக்கிப்போய்த் தறிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் கிடத்தினார். ஜன்னல் கோணிகளைப் பிடுங்கி அவள் மேல் போர்த்தினார்.

"பச்ச ஒடம்புக்காரிய ஈரத்துல போடறீங்களே, செத்துடுவாங்க!" என்று அலறினாள் அம்மா.

"இப்ப மட்டும் இன்னா? செத்துகினுதான் கீறா. நீ கொழந்தய தூக்கு" என்றவர் என் பக்கம் திரும்பி, "ஜல்தியா தண்ணி எடுத்தாம்மா" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஜட்கா வண்டி கூட்டிவர ஓடினார். திறந்த ஜன்னல் வழியே அனல் புகுந்தது. பாவில் இழைகள் அறுந்து தொங்கத் தொடங்கின. அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் அத்தையின் உதட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அவள் கண் திறந்து, "கொழந்த எங்கண்ணா?" என்றாள்.

அப்பா தறிமரத்தில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பாவைப் பார்த்தேன், எவ்வளவு உழைப்பு, பாவம் என்றிருந்தது. அருகில் போய் அவர் முதுகைத் தடவினேன்.

"அழாதப்பா. அறுந்தத எல்லாம் நான் முடி போட்டுத் தரேன்."

அதைக் கேட்டதும் அவர் ஏன் இன்னும் அதிகமாக அழுதார் என்று எனக்கு விளங்கவே இல்லை.