சிவகிரிக்கு ஓடாத கார்

எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடை. ஜவுளிக் கடை, என் வீட்டுக்காரருடையது. அந்த ஐந்து நிமிடத்தை மனுஷன் காரில்தான் போவார். காலையில் கடைக்கு, பதினொரு மணிக்குக் காபிக்கு வீட்டுக்கு, திரும்பக் கடைக்கு, மத்தியானம் சாப்பாட்டுக்கு, அப்புறம் கடைக்கு, சாயங்காலம் கோயில் வாசல் வரை. சாவியைத் திருப்பி, சீட்டு சூடாவதற்குள் இறங்கிவிடுவார். நடந்து போகிறவர்கள் அவருக்கு முன்னால் கடை வாசலில் நிற்பார்கள். அதெல்லாம் அவருக்கு உறைக்காது. காரில் வந்து இறங்குவதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கார் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிலோமீட்டர் ஏறிவிடுமாம். எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு இது ஒரு பைத்தியம். கார் வாங்கி நாலு வருஷம் ஆனாலும் மீட்டரில் கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது என்று சொல்வதில் அப்படி ஒரு பெருமை. யாராவது, "அண்ணாச்சி, எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கேட்டுவிட்டால் போதும், இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஏழாயிரம்கூட தாண்டல வே. புதுசு மாதிரி வச்சிருக்கேம்லா" என்பார். பெற்ற பிள்ளை படித்துப் பட்டம் வாங்கியபோதுகூட அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் அம்மா சிவகிரியில் தனியாக இருந்தாள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பஸ் படியில் கால் வைக்க முடியாதவளாக ஆகிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக்கொண்டது. அவளை என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், கடைசிக் காலத்தில் என் கையால் சோறு போட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. முக்கால் மணி நேரப் பயணம். காரின் பின் சீட்டில் தலையணை போட்டுப் படுக்க வைத்தால் வந்துவிடுவாள்.

"என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமை போயி அம்மையக் கூட்டிட்டு வந்திருவமா?"

"வண்டி தேஞ்சிரும்ட்டி. போக வர அறுவது கிலோமீட்டருக்குப் பக்கம் வருது. பாப்போம்."

"அப்ப வாடகைக் காராவது புடிக்கட்டுமா?"

"வீட்டுல காரை வச்சுக்கிட்டு வாடகைக் காரா? ஊரே சிரிக்கும்."

சொந்தக் காரும் வராது, வாடகைக் காரும் வரக் கூடாது. ஆறு மாதம் இதே பேச்சு. நானும் ஒரு மடச்சி, அவர் சட்டையைப் பிடித்து உலுக்காமல் இருந்தேன். வாரம் ஒரு நாள் பஸ் ஏறிப் போய், அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்புவேன். கிளம்பும்போதெல்லாம் அவள் கேட்பாள், "அடுத்த வாரம் மாப்ள காரு வருமாட்டீ?" வரும் வரும் என்று பொய் சொல்லிச் சொல்லி என் நாக்கே எனக்கு அருவருப்பாகிவிட்டது.

இடையில் காரில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்ததும், "என்ன சொன்னான்?" என்றேன். "ஒண்ணுமில்ல, சும்மா எரியுதாம்" என்றார். மறுநாள் கோயிலிலிருந்து புற்றுமண் வாங்கி வந்தார். எங்கள் ஊரில் வயிற்றுவலிக்கும் தேமலுக்கும் அதைத்தான் பூசுவோம். அந்த மனுஷன் அதைத் தண்ணீரில் குழைத்து அந்த விளக்கின் மேலே அப்பிவிட்டார். நோய் போகிறதோ இல்லையோ, விளக்கு கண்ணில் படவில்லை. அடப்பாவி மனுஷா என்று நான் வாய்விட்டே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

ஒரு வியாழக்கிழமை காலை, பக்கத்து வீட்டு அக்கா போன் போட்டது. "மூச்சு இழுக்குட்டீ. ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. சீக்கிரம் வா." நான் அழுத அழுகையில் அவரே பயந்துபோய்க் காரை எடுத்தார். தெருவைத் தாண்டி, ஊரைத் தாண்டி, மெயின் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். கார் முக்கியது. எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம்தான். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். "சரியாயிரும், சூடாகட்டும், சரியாயிரும்" என்று இவர் புலம்பினார். பிறகு காரே நின்றுவிட்டது. நான் இறங்கி வெயிலில் நின்று, கை காட்டி, ஒரு பஸ்ஸில் ஏறினேன். அது ஊர் ஊராக நின்று நின்று போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். "இப்பத்தான்ட்டீ, அரை மணி நேரம் ஆகல. காரு சத்தம் கேக்குதா, காரு சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தா" என்றது அக்கா.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு மெக்கானிக் காரைச் சரி பண்ணிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். என்னதான் ஆச்சு என்று கேட்டேன். அவனுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது.

"டீசல் வண்டி மதினி. இஞ்சின் நல்லா சூடாயி நிக்காம ஓடுனாத்தான் பொகைக்கரி எரியும். அண்ணாச்சி தெருவுக்குள்ளயே ஓட்டுனதுல சைலன்சர் ஃபில்டரு பூரா கரி அடைச்சிட்டு. ஆயிலும் கெட்டுப்போச்சு, பேட்டரியும் செத்துப்போச்சு. தேஞ்சு கெட்ட வண்டிய நெறையப் பாத்திருக்கேன். இப்படித் தேயாமக் கெட்ட வண்டி இதுதான்."

"இதை முன்னாடியே சொல்லப்படாதா?"

"சொல்லாம என்ன? மஞ்ச லைட்டு எரிஞ்சப்பவே சொன்னேனே. வாரத்துக்கு ஒருக்க ஒரே மூச்சா சிவகிரி வரைக்கும் போயிட்டு வாங்க அண்ணாச்சி, வண்டி தன்னால சரியாயிரும்னேன்."

"சிவகிரின்னா சொன்னீங்க?"

"ஆமா மதினி. ரோடு நல்லாருக்கும்லா, அதான்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காருக்கு மருந்தும் என் அம்மாவுக்கு மருந்தும் ஒரே ரோட்டில் கிடந்திருக்கிறது. தெரிந்தும் போகவில்லை அந்த மனுஷன். அன்று நான் கத்தவில்லை. மெக்கானிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, "ஞாயித்துக்கிழமை கெளம்பணும்" என்று மட்டும் சொன்னேன்.

அதிலிருந்து ஒரு ஞாயிறு விடவில்லை. காலை எட்டு மணிக்கு நான் பின் சீட்டில் ஏறி உட்காருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவர் சிவகிரி வரை நிறுத்தாமல் ஓட்டுவார். பூட்டிக் கிடக்கும் அம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்துவார். நான் இறங்க மாட்டேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடும்.

போன வாரம் அங்கே வைத்து அவர் அழுதுவிட்டார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "போதும்ட்டீ. என்னால முடியல. இனிமே இங்கன வர வேண்டாம்" என்றார். வயதான மனுஷன், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. வந்தால்தானே சொல்வதற்கு.

"அழுகாதீங்க, காரு நல்லாருக்கணும்லா" என்றேன். "திருப்புங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவோம்."